வன்னியிலிருந்து தன்பாலீர்ப்பு உரிமைக் குறும்படம் எடுத்து டிவிக்குக் கொடுக்கப் போகிறீர்களா? கடதாசி, காசு, காலம் பற்றிய வழிகாட்டி

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்பது நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். பரந்தனுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் ஒரு ஊரில் வாழும் தன்பாலீர்ப்பாளர் ஒருவரைப் பற்றிய படம். எடுத்து முடிக்க ஆறு நாள். அது ஒரு தொலைக்காட்சியில் போவதற்குப் பதினொரு மாதம். போன அன்று பார்த்தால் மூன்று இடத்தில் சத்தத்தை அடைத்திருந்தார்கள், மூன்று இடத்திலும் இருந்தது 'தன்பாலீர்ப்பு' என்ற ஒரே சொல். பார்த்த என் பெரியம்மா, "அந்தப் பெடியன் ஏன் வீட்டை விட்டுப் போனவன்?" என்று கேட்டா. படம் முழுக்க அதற்கான பதில்தான், அந்தப் பதிலை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

இன்னொருவர் இதே வழியில் போகும்போது அந்தப் பதினொரு மாதம் நாலைந்து மாதமாகக் குறைய வேண்டும், அந்தச் சொல்லும் படத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் மேலே, கமராவுக்கு முன்னால் இருந்து கதைத்தவர் படம் வந்த பிறகும் தன்னுடைய ஊரில் நிம்மதியாக இருக்க வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

1. கமராவைத் தொட முதல் சட்டத்தை விளங்கிக்கொள்ளுங்கள்

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ என்ற இரண்டு பிரிவுகள்தான் எல்லாரும் பயப்படுவது. 365 பத்து ஆண்டு வரை, 365ஏ இரண்டு ஆண்டு வரை சிறை என்று சொல்கின்றன. 1995இல் செய்த திருத்தத்தோடு 365ஏ பெண்களுக்கும் பொருந்தும் என்றானது. இவை இரண்டும் பாலுறவுச் செயலைப் பற்றியவை. உரிமை பற்றிக் கதைப்பதையோ, தான் யார் என்று ஒருவர் சொல்வதையோ, அதைப் படமாக எடுப்பதையோ இந்தப் பிரிவுகள் குற்றமாக்கவில்லை. கருத்துச் சுதந்திரம் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது.

இதிலிருந்து வரும் நடைமுறைப் பாடம்: கதைப்பவர் தன்னுடைய படுக்கையறை வாழ்க்கையைப் பற்றிச் சொன்னால் அதை வைத்திருக்காதீர்கள். பதிவிலிருந்தே அழியுங்கள். வீடு, வேலை, கலியாணப் பேச்சு, ஆஸ்பத்திரியில் நடந்தது, பாடசாலையில் நடந்தது, யாரோடு சேர்ந்து வாழ ஆசைப்படுகிறார் என்பது, இவையே படத்துக்குத் தாராளம். நிர்வாணம் வேண்டவே வேண்டாம், 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது.

ஒரு தாளில் இந்த விவரங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு 365ஏ வழக்கில் குற்றத்தீர்ப்பை மாற்றாவிட்டாலும் சிறைத் தண்டனையை ஒத்திவைத்தது, 2023 மே மாதம், இந்தப் பிரிவுகளைத் திருத்தக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று அதே நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டமூலம் 2024இல் நாடாளுமன்றம் கலைந்ததோடு நின்றுபோனது. ஆனாலும் நீதிமன்றத் தீர்மானம் இருக்கிறது. டிவிக்காரர் "இது சட்டவிரோதமான விஷயம் அல்லவா" என்று கேட்கும்போது வாயால் விளக்கிக்கொண்டு நிற்காமல் அந்தத் தாளைக் கொடுக்கலாம். நாங்கள் இதை ஏழாவது மாதம்தான் செய்தோம், முதல் மாதமே செய்திருக்க வேண்டும்.

2. சம்மதம்: படிவத்தோடு போய் நிற்காதீர்கள்

இது வன்னி. போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்து வந்த சனத்திடம், மீள்குடியேற்றத்துக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் நிவாரணத்துக்கும் எத்தனையோ படிவம் நிரப்பிய சனத்திடம், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி வீதியில் இருக்கும்போது யாரோ நின்று போனில் படம் பிடிப்பதைப் பார்த்த சனத்திடம் நீங்கள் ஒரு படிவத்தையும் கமராவையும் கொண்டுபோகிறீர்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பயத்தில் போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது.

முதல் மூன்று சந்திப்புக்குக் கமரா, கடதாசி இரண்டும் இல்லாமல் போங்கள். ஒரு தேத்தண்ணி, ஒரு கதை. நாலாவது சந்திப்பில்தான் தாளை எடுத்தோம். அதற்குள் அவர் எங்களிடம் எழுபது கேள்வி கேட்டுவிட்டார், அந்தக் கேள்விகளை வைத்தே பிறகு தாளைத் திருத்தி எழுதினோம்.

முதலில் நாங்கள் வைத்திருந்தது ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த ஒரு படிவம். "உலகெங்கும், எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும்" என்று அதில் இருந்தது. அவர் வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். சரியான முடிவு. நீங்கள் இப்படி எழுதுங்கள்:

எங்கே காட்டலாம் என்பதற்கு மூன்று தனித்தனிக் கட்டம்: அழைத்தவர்களுக்கு மட்டும், தொலைக்காட்சி, இணையம். ஒன்றுக்கு ஓம், மற்றதற்கு வேண்டாம் என்று சொல்ல இடம் இருக்க வேண்டும். முகம், குரல், பெயர், ஊர் ஒவ்வொன்றுக்கும் அதேபோல. எந்தத் திகதி வரைக்கும் மனம் மாறலாம் என்பதை எழுதுங்கள், அந்தத் திகதி எடிட்டிங் முடிந்த பிறகு குறைந்தது ஒரு மாதமாவது தள்ளி இருக்கட்டும். அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரை என்ன காரணத்துக்கும் எடுக்காதீர்கள்.

கையெழுத்திட்ட மூலப் பிரதியை ஊரில் வைக்க வேண்டாம், உங்கள் வீட்டிலும் வேண்டாம். வவுனியாவில் ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்து வைத்தோம். டிவிக்காரர் சம்மதப் பிரதி கேட்பார்கள், அதில் பெயர் இருக்கும், கொடுக்காதீர்கள். "சம்மதக் கடிதத்தை நான் பார்வையிட்டேன், அது என்னிடம் உள்ளது" என்று சட்டத்தரணி தன்னுடைய கடிதத் தாளில் எழுதித் தந்தார், எங்களுக்கு அது போதுமாக இருந்தது. அதற்கு 5,000 ரூபா.

காசு விஷயம்: கதை சொன்னதற்குக் காசு கொடுக்காதீர்கள், பிறகு "காசுக்குச் சொன்ன கதை" என்று ஊர் சொல்லும். ஆனால் அவர் கூலிக்குப் போகிறவர் என்றால், உங்களோடு இருந்த நாளின் கூலியைக் கட்டாயம் கொடுங்கள்.

3. முகத்தை மறைத்தால் போதும் என்று நினைத்து நாங்கள் விட்ட பிழை

முதல் பிரதியில் முகத்தை மங்கலாக்கி இருந்தோம், பெயர் இல்லை, ஊர் இல்லை. டிவிக்குக் கொடுக்க முதல் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டினோம், அதில் ஒருவர் ஒரு காட்சியைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் கனடாவில் இருக்கும் சகோதரிக்கு அனுப்ப, அவ ஒரு மணித்தியாலத்துக்குள் "இது இன்னாரின் வீடு அல்லவா" என்று கேட்டுவிட்டா. எப்படி என்றால், இந்திய அரசின் உதவியில் கட்டிய வீட்டுத்திட்ட வீடுகள் எல்லாம் ஒரே அச்சு, அதனால்தான் சின்ன வித்தியாசம்கூடத் தூக்கித் தெரியும். படத்தில் கதைத்தவருடைய அப்பா யன்னல் கிறில்லில் இரும்புத் தகட்டில் ஒரு மயில் வெட்டி ஒட்டியிருந்தார். கமரா அந்த மயிலை வடிவாகப் பிடித்திருந்தது.

அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. சகோதரி நல்லவ, கதை வெளியே போகவில்லை. ஆனால் நல்லவ என்று நம்பிப் படம் எடுக்க முடியாது.

ஆகவே அவருடைய வீட்டில் எடுக்காதீர்கள், வேறு ஊரில் ஒரு அறையைப் பிடியுங்கள். வேலி, கிணறு, சைக்கிள், மோட்டார் சைக்கிள் இலக்கத் தகடு, சாமிப் படம், கையில் இருக்கும் தழும்பு, மோதிரம், உடுப்பு, நாய் எல்லாமே அடையாளம்தான். எடுத்ததை மங்கலாக்குவதைவிட, எடுக்கும்போதே முகத்தைத் தவிர்ப்பது பாதுகாப்பு, ஏனென்றால் மங்கலாக்காத மூலப் பதிவு எங்கேயோ இருந்துகொண்டே இருக்கும். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி இருக்கவைத்து நிழலுருவாக எடுங்கள். குரலைத் தடிப்பாக்கும் மென்பொருளை நம்ப வேண்டாம், அதைத் திருப்பவும் முடியும், தெரிந்தவருக்குப் பேச்சு நடையே காட்டிக்கொடுக்கும். நாங்கள் மன்னாரில் இருந்து ஒரு நண்பரைக் கூப்பிட்டு, அதே வசனங்களை அவர் குரலில் பதிவு செய்தோம். தொடக்கத்தில் "குரல் மாற்றப்பட்டுள்ளது" என்று எழுத்தில் போட்டோம்.

போனில் எடுக்கிறீர்கள் என்றால் கமரா அமைப்பில் இடம் பதியும் வசதியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோப்புக்குள்ளேயே இடம் பதிந்து போகும். கோப்புக்கு ஆளின் பெயர் வைக்காதீர்கள். கடவுச்சொல் போட்ட இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வேறு ஊரில். எங்கள் செலவில் மிகப் பெரியது அதுதான், 44,000 ரூபா. அதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

4. எடுக்கும் நாட்கள்

கச்சான் காற்று தொடங்கினால் மைக்கில் காற்றைத் தவிர வேறொன்றும் கேட்காது, மார்கழி மழையில் ஒழுங்கைக்குள் வாகனம் போகாது. பங்குனி, சித்திரையில் காலை ஆறு மணி தொடக்கம் ஒன்பது வரை நல்லது. ஊர்க் கோயில் திருவிழாத் திகதிகளை முதலே கேளுங்கள், லவுட்ஸ்பீக்கர் கட்டினால் இரண்டு மைல் தூரத்துக்கு நேர்காணல் எடுக்க முடியாது.

உடுப்பில் கொழுவும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள், எங்களுக்கு 4,500 ரூபா. கமரா கடனாகக் கிடைக்கும், சத்தம் கடனாகக் கிடைக்காது. போனைக் கிடையாகப் பிடியுங்கள். செக்கனுக்கு 25 பிரேம் என்று மாற்றுங்கள், பெரும்பாலான போன்களில் 30 என்று இருக்கும். இங்கே டிவி 25இல்தான் போகிறது. டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் ஷட்டரை ஐம்பதில் ஒன்றுக்கு வையுங்கள், இல்லாவிட்டால் படம் துடிக்கும்.

அனுமதி: தனியார் வீட்டுக்குள் எடுக்க வீட்டுக்காரரின் விருப்பம் போதும். குளக்கட்டு என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், பாடசாலை என்றால் வலயக் கல்விக் கந்தோர், காடு என்றால் வனவளத் திணைக்களம். முகாம், சோதனைச் சாவடி, பொலிஸ் நிலையம் எதுவும் பின்னணியில்கூட வரக்கூடாது. ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி தேவை, இந்தப் படத்துக்கு அது வேண்டியதும் இல்லை. யாராவது வந்து என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "குடும்பமும் மனித உரிமையும் பற்றிய குறும்படம்" என்பது முழு உண்மை, அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

சிகரெட், சாராயம் காட்சியில் வேண்டாம். 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரச் சட்டத்தைக் காட்டி டிவியில் மங்கலாக்குவார்கள், ஒன்றை மங்கலாக்கத் தொடங்கிய கை அதோடு நிற்காது. சினிமாப் பாட்டும் வேண்டாம்.

5. சிங்கள உபதலைப்பு, பாமினி எழுத்து

கொழும்பில் உங்கள் படத்தைப் பார்த்து முடிவெடுப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. சிங்கள உபதலைப்பு இல்லாத படம் மேசையிலேயே கிடக்கும். எங்களுடையது இரண்டரை மாதம் கிடந்தது.

மொழிபெயர்ப்பவர் இந்த விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும். முதலில் செய்தவர் தன்பாலீர்ப்பாளர் என்பதற்குச் சிங்களத்தில் ஒரு வசைச்சொல்லைப் போட்டிருந்தார், கெட்ட நோக்கம் இல்லை, அவருக்கு வேறு சொல் தெரியவில்லை. கொழும்பில் 2004 முதல் இயங்கும் ஈக்குவல் கிரவுண்ட் போன்ற அமைப்புகள் மூன்று மொழியிலும் வேலை செய்கின்றன, மதிப்பான சொற்களைக் கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்ப்புக்கு எங்களுக்கு 9,000 ரூபா.

தமிழ் எழுத்தைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்யாதீர்கள். எங்கள் பக்கம் கடைகளில் இன்னமும் பாமினியில்தான் அடித்துத் தருவார்கள், அது அவர்களுடைய கணினியில் வடிவாகத் தெரியும், டிவி நிலையத்தில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோட் மட்டும். கடைசிப் பிரதியில் எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிடுங்கள்.

6. அவர்கள் வெட்ட முதல் நீங்களே ஒரு டிவிப் பிரதி செய்யுங்கள்

எனக்கு யாரும் சொல்லித் தராத படி இது. உங்களிடம் இரண்டு பிரதி இருக்க வேண்டும்: முழுப் பிரதி ஒன்று, டிவிக்கென்று நீங்களே சுருக்கியது ஒன்று. டிவிப் பிரதியில் வசைச்சொற்கள், அடி உதையை விவரிக்கும் இடங்கள், நீளமான அமைதிகள் எல்லாவற்றையும் நீங்களே எடுங்கள். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை முடியாது என்று படத்தில் கதைத்தவரோடு இருந்து முடிவெடுங்கள். நாங்கள் விட்டுக்கொடுக்கக்கூடாது என்று இப்போது எழுதி வைத்திருப்பது இரண்டு: அவர் தன்னைப் பற்றிச் சொல்லும் சொல், கடைசியில் அவர் சிரிக்கும் காட்சி. அந்தச் சொல் இல்லாவிட்டால் அது பரிதாபக் கதை. பரிதாபம் காட்டவா அவர் அத்தனை பயத்தோடு வந்து கதைத்தார்?

அந்தச் சொல்லை ஒரே ஒரு வசனத்தில் வைக்காமல் எழுத்திலும், தலைப்பிலும், இன்னொருவரின் பேச்சிலும் வையுங்கள். சத்தத்தை அடைப்பது சுலபம், நாலு இடத்தில் நாலு விதமாக வரும் சொல்லை எடுக்கப் போனால் படமே இருக்காது.

"மறுதரப்பையும் போடுங்கள், ஒரு மதகுருவையோ வைத்தியரையோ கதைக்கவிடுங்கள்" என்று கேட்பார்கள். ஹொங்கொங்கில் 2006இல் தன்பாலீர்ப்பு இணையர் பற்றி ஒளிபரப்பான நிகழ்ச்சி ஒன்றை, எதிர்ப்பவர் கருத்து இல்லை என்று ஒளிபரப்பு அதிகாரசபை கண்டித்தது. 2008இல் அங்கே நீதிமன்றம் அந்தக் கண்டனம் பிழை என்றது. அது இங்கே கட்டுப்படுத்தாது, ஆனாலும் கடிதத்தில் எழுதினோம். ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்லும்போது, அந்த வாழ்க்கை இருக்கக்கூடாது என்று சொல்ல இன்னொருவரைக் கூப்பிட வேண்டியதில்லை.

7. டிவிக்குக் கொடுப்பது

போனில் கதைத்துவிட்டு நேரே போகாதீர்கள். நான் மூன்று தரம் இரவு பஸ்ஸில் கொழும்பு போய், இரண்டு தரம் "அவர் இன்றைக்கு வரவில்லை" என்ற பதிலோடு வந்தேன். போக்குவரத்துக்கும் தங்கலுக்கும் மட்டும் 27,000 ரூபா. பென்டிரைவ், ஒரு பக்கக் கதைச் சுருக்கம், சட்டத் தாள், சட்டத்தரணியின் கடிதம், இசை உரிமைக் கடிதம் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கடிதத்தில் ஒரு வசனம் கட்டாயம் இருக்கட்டும்: "எந்த மாற்றம் செய்வதென்றாலும் ஒளிபரப்புக்கு முதல் எழுத்தில் எங்களுக்கு அறிவித்துச் சம்மதம் பெற வேண்டும்." எங்கள் முதல் கடிதத்தில் அது இருக்கவில்லை. சத்தத்தை அடைத்தது பற்றிக் கேட்டபோது, "நீங்கள் அப்படி ஒன்றும் எழுதித் தரவில்லையே" என்றார்கள்.

அரச தொலைக்காட்சி மறுத்தால், காரணத்தை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தமிழில் எழுதலாம். தகவல் அலுவலர் பதினாலு வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனியார் தொலைக்காட்சிக்கு இது பொருந்தாது.

8. டிவி இல்லாமல் காட்டுவது

மண்டபம் எடுத்து, நோட்டீஸ் ஒட்டி, எல்லாரும் வரலாம் என்று காட்டினால் அது பொதுக்காட்சி. அதற்குக் கொழும்பில் உள்ள தணிக்கைச் சபையின் சான்றிதழ் வேண்டும், லவுட்ஸ்பீக்கருக்குப் பொலிஸ் அனுமதியும் வேண்டும். சான்றிதழ் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை, சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகமவின் 'அக்ஷரய' படத்துக்கு வயது வந்தோருக்கான சான்றிதழ் கொடுத்த பிறகும் 2006இல் தடை வந்தது. சபைக்கு விண்ணப்பிக்க முதல் கட்டணத்தையும் தேவையான பிரதிகளையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் ஊருக்குள் செய்தது, பெயர் சொல்லி அழைத்த பதினைந்து இருபது பேருக்கு ஒரு வீட்டில் போட்டுக் காட்டியது. வாசலில் போன்களை ஒரு கூடையில் வாங்கி வைத்தோம், மயில் விஷயத்துக்குப் பிறகு அது கட்டாயமானது. இணையத்தில் போடுவது என்றால் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள்: படத்தில் யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாதீர்கள், கருத்துப் பகுதியை மூடிவிடுங்கள்.

படத்தின் செலவு, மேலே சொன்னவற்றோடு சாப்பாடு 14,000, கூலி 7,500 எல்லாம் சேர்த்து மொத்தம் 111,000 ரூபா வந்தது. நாலாகப் பிரித்தோம்.

9. ஒளிபரப்பாகும் இரவு

திகதி தெரிந்தவுடன் படத்தில் கதைத்தவருக்குச் சொல்லுங்கள். நாங்கள் அந்த வாரம் அவரை வவுனியாவில் ஒரு நண்பர் வீட்டில் தங்கச் சொன்னோம், வேலை ஒன்றுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். கையில் மூன்று இலக்கம் இருக்க வேண்டும்: சட்டத்தரணி, உங்களில் ஒருவர், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996. யாராவது விசாரிக்க வந்தால் பெயர், பதவி, எந்த நிலையம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், தனியாகப் பொலிஸுக்குப் போக வேண்டாம், சட்டத்தரணியோடு வருகிறேன் என்று சொல்லுங்கள். காசு இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

படம் முடிந்து ஐந்து நிமிடத்துக்குள் அவருக்கு அழைப்பு எடுங்கள். அடுத்த நாள் காலையும் எடுங்கள். ஒரு மாதத்துக்கு, வாரத்துக்கு ஒரு தரமாவது.